ராமநாதபுரம் கடலோர ஊர்களுக்குக் குழாய் எரிவாயு: யாருக்கு முதலில், எந்த நிபந்தனையில்?

உச்சிப்புளியான் (இழையைத் தொடங்கியவர்)

நம்ம மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் வழியா சமையல் வாயு கொடுக்கும் வேலையைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ரோட்டோரம் குழாய்ச் சுருளைப் பார்த்த உடனே "ஹைட்ரோகார்பன் வந்துடுச்சு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. மறுநாளே "இனி சிலிண்டரே வேண்டாம், பாதி விலை" என்று இன்னொன்று. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எந்த முடிவும் எடுக்க முடியாது. விவரம் தெரிந்தவர்கள் ஒரே இடத்தில் பேசிவிட்டால் நல்லது என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

எரிவாயு நமக்குப் புதுசு இல்லை. ராமநாதபுரம், பெரியபட்டினம், காஞ்சிரங்குடி பக்கம் மத்திய அரசு நிறுவனமான ஓ.என்.ஜி.சி. வாயு எடுப்பது பல வருஷக் கதை. அந்த வாயுவை வைத்துத்தான் வழுதூரில் மின்வாரியத்தின் எரிவாயு மின்நிலையம் ஓடுகிறது. இரண்டு அலகும் சேர்த்து 187 மெகாவாட். ஆனால் நம்ம வாயு ரொம்ப காலம் இந்த வட்டாரத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. வெளியே கொண்டுபோகப் பெருங்குழாய் இல்லை. 2021 பிப்ரவரி 17-ல் ராமநாதபுரம் – தூத்துக்குடி குழாயைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். 143 கிலோமீட்டர், ஏறத்தாழ 700 கோடி ரூபாய் செலவு. எண்ணூரில் கப்பலில் வந்து இறங்கும் திரவ இயற்கை எரிவாயுவைப் பெங்களூர், புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி வரை கொண்டுபோகும் இந்தியன் ஆயில் திட்டத்தின் ஒரு துண்டு அது. திறந்தபோதே சொன்னார்கள், நம்ம வயல்களின் வாயு தொழிற்சாலைகளுக்குப் போகும் என்று. தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலை நாப்தா என்ற பெட்ரோலியப் பொருளை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறியதும் அந்தச் சமயத்தில்தான்.

உரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூத்துக்குடி ஆலைக்கு 143 கிலோமீட்டர் குழாய் போட முடிந்தவர்களுக்கு, வாயு வரும் மண்ணுக்கு மேலேயே இருக்கும் பெருங்குளத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் நாலு கிலோமீட்டர் போட ஏன் இத்தனை தாமதம்? வாயு கிடைக்கிற ஊருக்குத்தான் முதல் உரிமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

குழாய்க்காரன், தேவிபட்டினம்

அண்ணே, சூரத்திலும் மும்பையிலும் நகர எரிவாயு வேலையில் இருந்தவன் நான். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இங்கே மூன்று விதமான குழாய் இருக்கு. கிணற்றிலிருந்து சேகரிப்பு நிலையத்துக்குப் போவது ஒன்று. மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் பெருங்குழாய் ஒன்று. தெருவுக்குள் வந்து வீட்டுக்குப் பிரிவது மூன்றாவது. மூன்றின் அழுத்தமும் வேற, சட்டமும் வேற, ஆபத்தும் வேற.

பெருங்குழாயில் பல பத்து பார் அழுத்தத்தில் வாயு ஓடும் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). நகரத்து நுழைவு நிலையத்தில் அதை இறக்கி, அளந்து, மணம் சேர்ப்பார்கள். இயற்கை எரிவாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. நீங்கள் சிலிண்டர் கசிந்தால் பிடிக்கும் அந்த அழுகல் நாற்றம் மெர்காப்டன் என்ற பொருளைக் கலப்பதால் வருவது, இதிலும் அதையேதான் கலப்பார்கள். அப்புறம் தெருவில் பிளாஸ்டிக் குழாயில் 4 பாருக்குள் வரும். வீட்டு மீட்டரைத் தாண்டி அடுப்புக்கு வரும்போது 21 மில்லிபார். சிலிண்டர் ரெகுலேட்டர் கொடுப்பதே 30 மில்லிபார், அதைவிடவும் இது கம்மி. சிலிண்டருக்கு உள்ளே எப்போதும் சில பார் அழுத்தத்தில் 14.2 கிலோ திரவம் சமையலறையில் உட்கார்ந்திருக்கு. குழாய் இணைப்பில் அந்தச் சேமிப்பே வீட்டுக்குள் இல்லை.

விலை பற்றி. குழாய் வாயுவைக் கன மீட்டரில் அளப்பார்கள். ஒரு 14.2 கிலோ சிலிண்டரின் சூடு ஏறத்தாழ 17, 18 கன மீட்டர் இயற்கை வாயுவின் சூட்டுக்குச் சமம். கம்பெனி சொல்லும் கன மீட்டர் விலையை 18-ஆல் பெருக்கி உங்கள் சிலிண்டர் விலையோடு வைத்துப் பாருங்கள். "பாதி விலை" கதை நிற்கிறதா விழுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். வரி, குறைந்தபட்சக் கட்டணம், மீட்டர் வாடகை இருக்கா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கீழக்கரை உம்மு

குழாய்க்காரன் காக்கா சொன்னது நல்லா விளங்குச்சு. ஆனா எங்க ஊரு அமைப்பு வேற. வீடு ஒன்னோட ஒன்னு ஒட்டிக் கிடக்கும். முன்வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் நீளமா உள்ள போகும். அடுப்படிக்கு ஒரு சின்ன சாளரம்தான். ஆம்பிளைங்க பாதிப் பேரு துபாயில, சென்னையில. வீட்ல பொம்பளைங்களும் வயசானவங்களும்தான். சிலிண்டரை முடுக்கு வழியா உருட்டிட்டு வந்து மாடிக்கு ஏத்துறது எங்களுக்குப் பெரிய பாடு. அதனால குழாய் வந்தா நான் மனசார வரவேற்பேன்.

என்னோட கேள்வி இதுதான். அந்தக் குழாய் எங்க வீட்ல எந்தப் பக்கமா வரும்? கசிவு வந்தா எதை மூடணும்? மீட்டர் பாக்க, சோதிக்க வர்றவங்க யாரு? ஆம்பிளை இல்லாத வீட்டுக்குள்ள முன்னப்பின்ன தெரியாத ஆள் அடுப்படி வரைக்கும் வர்றதுக்கு எங்க தெருவுல யாரும் ஒத்துக்க மாட்டாங்க. ஆளெடுக்கும்போதே பெண்களை எடுக்கணும். எங்க புள்ளைங்க பாலிடெக்னிக் படிச்சிட்டு சும்மா இருக்குதுங்க.

குழாய்க்காரன், தேவிபட்டினம்

ராத்தா, மீட்டர் பெரும்பாலும் வெளிச்சுவரில்தான் வரும். அதற்குப் பக்கத்தில் ஒரு அடைப்பு வால்வு இருக்கும். உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொன்று. வெளியூர் போகும்போது வெளி வால்வை மூடிவிட்டுப் போகலாம், சுலபம். மீட்டர் வெளியே இருந்தால் அளவெடுக்க யாரும் உள்ளே வர வேண்டியதில்லை. அதனால் இணைப்புக்கு எழுதிக் கொடுக்கும்போதே "மீட்டர் வெளிச்சுவரில்" என்று அடித்துச் சொல்லுங்கள்.

கசிவு விஷயத்தில் ஒரு முக்கியமான வித்தியாசம். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். குழாய் வாயு பெரும்பாலும் மீத்தேன், காற்றில் ஏறத்தாழ பாதிதான் எடை, மேலே ஏறும். நீங்கள் சொல்லும் அடுப்படியில் சின்ன சாளரம் தாழ்வாக இருந்தால் போதாது. கூரையை ஒட்டி ஒரு வெளியேற்றுத் துளை கட்டாயம் வேண்டும். இணைப்புக் கொடுக்கும் முன் அதைப் பார்க்காமல் போகும் ஆளை விடாதீர்கள். நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடக் கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வால்வை மூடி, கதவைத் திறந்து, வெளியே போய் நின்றுதான் போன் பண்ண வேண்டும். சிலிண்டர் கசிவுக்கு 1906 இருக்கு. குழாய்க்கு அந்தந்தக் கம்பெனியின் அவசர எண் மீட்டரிலேயே ஒட்டியிருக்கணும்.

அடுப்பு பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். இருக்கிற அடுப்பையே வைத்துக்கொள்ளலாம், ஜெட்டை மட்டும் மாற்றுவார்கள். பர்னரைத் தூக்கிவிட்டு, அதற்குக் கீழே குழல் வாயில் இருக்கும் சுண்டுவிரல் நுனி அளவு பித்தளைத் திருகைக் கழற்றுவார்கள். நடுவில் ஊசி முனை மாதிரி ஒரு துளை இருக்கும். குழாய் வாயுவுக்கு அதைவிடப் பெரிய துளை வேண்டும், ஏனென்றால் ஒரே கன அளவில் இதில் சூடு கம்மி. மாற்றிய பிறகு சுடர் நீலமாக, பர்னரில் ஒட்டி நிற்க வேண்டும். மஞ்சள் நாக்கு நீண்டால் காற்று சரியில்லை, அப்போதே சரி செய்யச் சொல்லுங்கள். ஜெட் மாற்றிய அடுப்பில் பழைய சிலிண்டரைத் திரும்ப மாட்டவே கூடாது. பெரிய துளை வழியா சிலிண்டர் வாயு பாய்ந்தால் தீ கட்டுக்கடங்காமல் எழும்பும்.

குண்டு மிளகாய், கடலாடி வட்டம்

எல்லாரும் அடுப்பைப் பற்றிப் பேசுறீங்க. நிலத்தைப் பற்றி நான் பேசுறேன்.

எங்க மிளகாய்க் காட்டில் ஒரு குழாய் போச்சு. எந்த நிறுவனம்னு இங்க எழுதல. வேலை எடுத்த ஒப்பந்தக்காரர் ஆளுங்க பொக்லைன் வச்சு ஒரே நாளில் தோண்டிட்டுப் போனாங்க. மேல ஒரு முழம் மட்டும்தான் எங்களுக்குச் சோறு போடுற மண்ணு. அதுக்குக் கீழே உவர் மண்ணு. தோண்டுறப்ப மேல்மண்ணைத் தனியா ஒதுக்கி வச்சு, மூடுறப்ப அதைக் கடைசியா மேல போடணும். இவங்க ரெண்டையும் ஒரே குவியலாக் குவிச்சு, அப்படியே தள்ளி மூடிட்டாங்க. இப்ப மழை பேஞ்சு காய்ஞ்சா குழாய் போன தடம் மட்டும் வெள்ளையாப் பூத்துக் கிடக்கு. அந்தப் பட்டையில மிளகாய் நாத்து ரெண்டு இலை விட்டதும் நுனி கருகி உக்காந்துடுது. ரெண்டு பக்கமும் செடி இடுப்பு உயரம், நடுவுல வெறும் தரை. 2023-ல் நம்ம குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைச்சுதே, அது விளையற மண்ணுய்யா இது.

பயிருக்குப் பணம் கொடுத்தாங்க, ஒரு வெள்ளாமைக்கு. மண்ணுக்கு யாரு கொடுப்பா?

பரமக்குடி வக்கீல்

அண்ணே, உங்கள் வயலில் நடந்ததைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். பெருங்குழாய்களுக்கு 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய்ச் சட்டம்தான் அடிப்படை. அதில் நிலத்தை வாங்கமாட்டார்கள். பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு இழப்பீடு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர், மரம், மற்றச் சேதங்களுக்குத் தனி. அறிவிப்பு வந்து 21 நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த 21 நாளை விட்டுவிட்டு அப்புறம் மறியல் செய்து பயனில்லை. இழப்பீட்டுத் தொகை போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். குண்டு மிளகாய் அண்ணன் சொல்லும் மண் சேதத்துக்கும் இந்தச் சட்டத்திலேயே கேட்க இடம் இருக்கிறது. "பயிர் இழப்பீடு வாங்கிட்டீங்க, முடிஞ்சது" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மண் பரிசோதனை எடுத்து, தடத்துக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு அறிக்கையும் வைத்து மனு கொடுங்கள்.

ஆனால் நம்ம மாவட்டத்துக்கு அந்தச் சட்டத்தில் வேறொரு பிரிவுதான் ரொம்ப வலிக்கும். குழாய் போகும் பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது, கிணறோ குளமோ தோண்டக் கூடாது, மரம் நடக் கூடாது. பாசனம் இருக்கும் ஊரில் வருஷா வருஷம் நெல் நடுபவருக்கு இது பெரிதாகத் தெரியாது. நம்ம ஊரில் நிலத்தின் மதிப்பே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறும் நாலு பனையும்தான். கடலோர மணலில் மழைத் தண்ணீர் ஒரு மெல்லிய அடுக்காக உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. நல்ல ஊற்று எங்கே கிடைக்கும் என்பது நம்ம கையில் இல்லை. அந்த இடத்தின் மேலேயே குழாய்ப் பட்டை விழுந்தால், 10 சதவீதம் எந்த மூலைக்கு?

கொங்கு மண்டலத்தில் ஏழு மாவட்ட விவசாயிகள் மத்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலின் குழாயை எதிர்த்தது இந்தப் பிரிவை வைத்துத்தான். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று கேட்டார்கள். 2013-ல் மாநில அரசு விவசாயிகள் பக்கம் நின்றது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தில் போய் நிற்பதைவிட, பாதை போடும் கட்டத்திலேயே பேசுவது முக்கியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

தங்கச்சிமடம் மெஸ்

நான் மெஸ் நடத்துறேன். எனக்கு வேண்டியது 19 கிலோ சிலிண்டருக்கு மாற்று. மாசம் ஒன்னாந்தேதி விலை என்ன ஆகும்னு தெரியாமலே சாப்பாட்டு விலை போட வேண்டியிருக்கு. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் கூட்டம் நெரியறப்ப சிலிண்டருக்கு அலைஞ்ச நாள் எனக்குத்தான் தெரியும். மண்டபம் வரைக்கும் குழாய் வந்துட்டா, தீவுக்கு எப்படி வரும்? பாம்பன்ல கடல் குறுக்க இருக்கே.

குழாய்க்காரன், தேவிபட்டினம்

குழாய் எட்டாத இடத்துக்கு வேறு வழி நடைமுறையில் இருக்குங்க. பெரிய நிலையத்தில் வாயுவை 200 பாருக்கு மேல் அழுத்தி, அடுக்கடுக்கான உருளைகளில் ஏற்றி லாரியில் கொண்டுவந்து, இந்தப் பக்கம் அழுத்தத்தை இறக்கி உள்ளூர்க் குழாயில் விடுவார்கள். மதர் ஸ்டேஷன், டாட்டர் ஸ்டேஷன் என்று சொல்வார்கள். பல ஊர்களில் பெருங்குழாய் வரும்வரை அப்படித்தான் ஓட்டினார்கள். ஆனால் லாரி செலவு சேரும். ஓட்டல்காரர்களுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். அரசு உள்நாட்டு வாயுவை ஒதுக்கும்போது வீட்டுச் சமையலுக்கும் வண்டிகளுக்கு அழுத்தி நிரப்பும் வாயுவான சி.என்.ஜி.க்கும்தான் முன்னுரிமை. வணிக இணைப்புக்கு அந்த மலிவு விலை கிடைக்காது. கணக்குப் போடாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூக்கையூர் மீனவன்

இவ்வளவு பேரு எழுதியிருக்கீங்க, ஒருத்தர் கூட கடலைப் பத்திப் பேசல.

2025-ல் நம்ம மாவட்டத்தில் ஓ.என்.ஜி.சி. 20 ஆய்வுக் கிணறு தோண்ட மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்த செய்தி வந்துச்சு. எதிர்ப்பு கிளம்புனதும் மாநில அரசு அனுமதிக்க மாட்டோம்னு சொல்லுச்சு. காவிரி டெல்டாவுக்கு 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் போட்டாங்க. அந்தப் பட்டியல்ல ராமநாதபுரம் இல்லை. எங்களுக்கு முன்னால மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 21 தீவு, 1986-ல் இருந்து. அங்க எங்க பொம்பளைங்க பாசி எடுக்கப் போனா வனத்துறை நிறுத்தி விசாரிக்கும். தீவுக்கிட்ட நங்கூரம் போடக் கூடாது, பவளப்பாறை உடையும்னு எங்களுக்குப் பாடம் எடுப்பாங்க. ஏத்துக்கறோம். கரையில கிணறு தோண்டி வர்ற கழிவுத் தண்ணி எங்க போகும்னு நாங்க திருப்பிக் கேட்டா மட்டும் வளர்ச்சிக்கு எதிரிங்கறாங்க.

உங்க வீட்டுக்குக் குழாய் வர்றதை நான் தடுக்கல. என் வீட்டுக்கும் வேணும். ஆனா "உங்களுக்குத்தான் வாயு கொடுக்கறோமே" அப்படின்னு சொல்லிப் புதுக் கிணத்துக்குச் சம்மதம் வாங்க வருவாங்க. அதுக்குத்தான் பயப்படுறேன்.

உச்சிப்புளியான்

அண்ணே, இதை நீங்கள் எழுதியது ரொம்ப நல்லதாப் போச்சு. கிணறு வேற, விநியோகம் வேற. இன்றைக்கே வழுதூருக்கும் தூத்துக்குடிக்கும் போய்க்கொண்டிருக்கும் வாயு இருக்கிறது. அதுபோக, எண்ணூரில் இறங்கும் வாயுவை இங்கே கொண்டுவரத்தான் அந்தப் பெருங்குழாய்த் திட்டமே. நம்ம வீடுகளுக்கு அடுப்பெரிய ஒரு புதுக் கிணறும் தேவையில்லை. வீட்டு உபயோகம் மின்நிலையமும் உர ஆலையும் எரிப்பதில் ஒரு சின்னத் துளிதான். அதனால் "இணைப்பு வேணும்னா கிணத்துக்கு ஒத்துக்கோ" என்று யார் சொன்னாலும் அந்த இரண்டையும் முடிச்சுப் போட விடக் கூடாது. நானே கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொல்வேன்.

சிக்கல்_இளைஞன்

குழாயெல்லாம் பழைய காலம். கரண்ட் அடுப்பு போதும். கமுதியில் அவ்வளவு பெரிய சோலார் பூங்கா இருக்கு.

கீழக்கரை உம்மு

தம்பி, எங்க தெருவுல சாயங்காலம் வோல்டேஜ் இறங்குனா ஃபேன் கூட சுத்தாது. அதைச் சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, நானும் வாங்குறேன்.

சாயல்குடி பனங்காடு

எங்க அம்மா பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் விடிலிங்கற ஓலைக் குடிசைக்குள்ளதான் இருப்பாங்க. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊத்துற வேலை. அப்பா விடியக்காலை பனையேறி இறக்கிட்டு வந்ததும் அடுப்பு மூட்டுனா, மதியம் தாண்டியும் எரியும். விறகு வேலிக்கருவை, பனமட்டை. ஓலைக் கூரைக்குள்ள புகை வெளிய போக வழி இல்லாம சுத்தும். அம்மாவுக்கு நாப்பது தாண்டுன உடனே இருமல் வந்துச்சு, இப்ப கண்ணுல எப்பவும் தண்ணி. 2016-ல் தொடங்குன உஜ்வாலா திட்டத்துல எங்களுக்கும் சிலிண்டர் கிடைச்சுது. அதுல டீயும் அவசரத்துக்குச் சோறும்தான். அதுல பதநீர் காய்ச்சினா ஒரு சிலிண்டர் எத்தனை நாளைக்கு வரும்? கருப்பட்டி வித்த காசு அடுப்புக்கே போயிடும்.

"முதல் உரிமை" பேசுறீங்களே, நல்ல பேச்சு. ஆனா குழாய் வந்தா ராமநாதபுரம் டவுன், கீழக்கரை, ஏர்வாடின்னு வீடு நெருக்கமா இருக்கற இடத்துக்குத்தான் வரும். பனங்காட்டுக்குள்ள தள்ளித் தள்ளி இருக்கற விடிலிக்கு யாரும் குழாய் இழுக்க மாட்டாங்க. பெருங்குழாய் மட்டும் எங்க பனையைச் சாய்ச்சுட்டுப் போகும். ஒரு பனை பாளை விடப் பத்துப் பதினஞ்சு வருஷம். சட்டப்படி அந்தப் பட்டையில திரும்ப வடலி (இளம் பனை) வைக்கவும் முடியாதுன்னு வக்கீல் ஐயா இப்பத்தான் சொல்றாரு. அப்ப எங்களுக்கு இதுல என்ன?

உச்சிப்புளியான்

இதைப் படித்ததிலிருந்து நான் எழுதியதை விரிவாக்கித்தான் கேட்க வேண்டும் என்று படுகிறது. டவுனுக்கு வரும் குழாயோடு நம்ம கோரிக்கை நிற்கக் கூடாது. உங்கள் ஊரில் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கம் இயங்கினால், ரோட்டோரமாக ஒரு பொதுக் காய்ச்சு கூடம் கேட்கலாம் இல்லையா? பதநீரை விடிலியில் காய்ச்சாமல் அங்கே கொண்டுவந்து காய்ச்சுவது. குழாய் வராத இடமென்றால் குழாய்க்காரன் சொன்ன லாரி வழி. நடைமுறைக்கு ஒத்து வருமா?

சாயல்குடி பனங்காடு

பதநீர் நேரம் தாங்காது, புளிச்சிடும். பக்கத்துப் பக்கத்துல இருக்கற பனைக்காரங்க சேர்ந்து ஒரு கூடம்னா முடியும். ஊருக்கு ஒன்னுன்னா முடியாது. ஆனா கேக்கலாம். இதுவரைக்கும் யாரும் எங்களுக்காகக் கேட்டதே இல்லை.

பரமக்குடி வக்கீல்

யாரிடம் கேட்பது என்பதைச் சொல்கிறேன். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம்தான் மாவட்ட வாரியாக நகர எரிவாயு உரிமம் கொடுக்கிறது. நம்ம மாவட்டம் 2018-ல் நடந்த ஒன்பதாவது சுற்று ஏலத்தில் போனது. ஏலம் எடுத்த நிறுவனம் எட்டு வருஷத்தில் இத்தனை வீட்டு இணைப்பு, இத்தனை சி.என்.ஜி. நிலையம், இவ்வளவு நீளக் குழாய் என்று வாரியத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கும். குறைந்தபட்ச வேலைத் திட்டம் என்று பெயர். தகவல் உரிமைச் சட்டத்தில் வாரியத்திடம் அதைக் கேட்டு வாங்குங்கள். எந்த வருஷம் எத்தனை இணைப்பு வாக்குறுதி, எத்தனை கொடுத்தார்கள், எந்தெந்த ஊர். அந்தக் காகிதம் கையில் இல்லாமல் கலெக்டர் முன்னால் போனால் "வேலை நடந்துட்டு இருக்கு" என்ற பதில்தான் வரும்.

பாதுகாப்பு பற்றியும் இரண்டு வரி. 2014 ஜூன் 27-ல் ஆந்திராவில், அப்போதைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தின் நகரம் என்ற பெயர் கொண்ட கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அரித்துப் போன குழாய், ஈரம் நீக்காத வாயு, பெருங்குழாய் என்பதால் கசிவைக் காட்டிக்கொடுக்க மணமும் இல்லை. கடலோர உவர் மண்ணில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் அரிக்கும் என்பதைப் படகு வைத்திருப்பவர்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. பெருங்குழாய் போகும் ஊர்க்காரர்கள் அரிப்புத் தடுப்பு எப்போது சோதித்தார்கள், கடைசி அவசர ஒத்திகை எப்போது நடந்தது என்று எழுத்தில் கேளுங்கள். இது உங்கள் உரிமை.

குண்டு மிளகாய், கடலாடி வட்டம்

மனுவில் மேல்மண் விஷயத்தைச் சேருங்க. தோண்டும்போதும் மூடும்போதும் ஊர்க்காரர் ஒருத்தர் பக்கத்துல நிக்கணும். மூடியதும் அவர் கையெழுத்து இல்லாம ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸாகக் கூடாது. இந்த ஒன்னு மட்டும் இருந்திருந்தா என் காடு இப்படி ஆகியிருக்காது.

உச்சிப்புளியான்

சேர்த்துவிட்டேன். அடுத்த கிராம சபைக்கு வைக்க நினைக்கும் தீர்மான வாசகம் இது. வாயு எடுக்கும், பெருங்குழாய் போகும் ஊராட்சிகளுக்கு வீட்டு இணைப்பில் முன்னுரிமை. வீட்டு இணைப்புக்கும் புதுக் கிணற்று அனுமதிக்கும் எந்தத் தொடர்பும் கூடாது. குழாய்ப் பாதை முடிவாகும் முன் ஊற்று, ஊரணி, பனந்தோப்பு எல்லாம் ஊர்க்காரர்களோடு நடந்து பார்த்துக் குறிக்க வேண்டும். மேல்மண் தனியாக ஒதுக்க வேண்டும், மூடியதும் ஊர்ப் பிரதிநிதி கையெழுத்து. வீட்டுக்குள் வரும் வேலைக்கு உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து எடுக்க வேண்டும். பனைத் தொழிலாளர்களுக்குப் பொதுக் காய்ச்சு கூடம்.

மூக்கையூர் மீனவன்

ரெண்டாவது வரியை முதல்ல போடுங்க. அது முதல்ல இருந்தா எங்க ஊர் சபையிலயும் நானே வாசிக்கிறேன்.

உச்சிப்புளியான்

மாத்திட்டேன் அண்ணே.

கீழக்கரை உம்மு

எங்களுக்குக் கிராம சபை கிடையாது, நகராட்சி. வார்டு கவுன்சிலர்கிட்ட கொடுத்தா செல்லுமா?

பரமக்குடி வக்கீல்

கவுன்சிலரிடம் கொடுத்து நகர்மன்றத்தில் வைக்கச் சொல்லுங்கள். அதே மனுவை நகராட்சி ஆணையருக்கும், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டருக்கும் கொடுங்கள். மூன்று இடத்திலும் நகலில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். கிராமத்துக்காரர்கள் அக்டோபர் 2, நவம்பர் 1 இரண்டு சபையிலும் வைக்கலாம். தீர்மானப் புத்தகத்தில் எண் போட்டு எழுதினார்களா என்று பார்த்து, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். தகவல் உரிமை மனுவை நான் இன்றைக்கே எழுதித் தருகிறேன், யார் பெயரில் அனுப்புவது என்று மட்டும் சொல்லுங்கள்.

சாயல்குடி பனங்காடு

என் பேர்ல அனுப்புங்க ஐயா.